மூன்றாம் மாடியில் ஒரு நாற்காலி

அடையாறில் இருக்கும் அந்தக் கேச ஆய்வு மையத்தின் மூன்றாம் மாடிக்கு நீண்டகாலப் பாதுகாப்புப் பிரிவு என்று பெயர். பெயர்ப்பலகை பித்தளை, வாரம் தவறாமல் பாலிஷ் போடுவார்கள். பலகையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு மேஜை, ஒரு பீரோ, சாய்நாத் என்கிற ஒருங்கிணைப்பாளர், அவருக்கு எதிரே ஒரு நாற்காலி. புழுவெட்டுக்கு அந்த மையம் கொடுக்கிற மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று கண்காணிப்பதுதான் பிரிவின் வேலை. ஐந்து வருஷமாக மாதத்தின் முதல் வியாழக்கிழமை தோறும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்காணிக்கப்பட்டவர் காஸ்பர்.

ஆரம்பத்தில் அங்கே நாற்பத்தொரு நாற்காலிகள் இருந்தன. ஒருத்தருக்கு ஓயாமல் சளியும் காய்ச்சலும் வந்தது, நின்றுகொண்டார். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கேன்டீனில் போட்டார்கள். ஒரு அம்மாளுக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறியது. அந்த நாற்காலியும் கேன்டீனுக்குப் போயிற்று. முகமெல்லாம் பரு வந்தவர், குழந்தை வேண்டும் என்று நிறுத்தியவர், மாற்றலாகிப் போனவர், காரணமே இல்லாமல் பயந்து போனவர் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கேன்டீனில் இட நெருக்கடி தீர்ந்தது. மூன்றாம் மாடி வராந்தாவில் ஓர் அட்டை மட்டும் ஐந்து வருஷமும் மாறாமல் தொங்கியது: 'மாத்திரையைத் தொடர்பவர்களில் பக்கவிளைவு இல்லாதோர் 100 சதவீதம்.'

காஸ்பர் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "விட்டுட்டுப் போனவங்க இதுல வரமாட்டாங்களா தம்பி?"

"போனவங்க எப்படி சார் லாங் டெர்ம் ஆவாங்க?" என்றார் சாய்நாத், உண்மையான வியப்போடு. "அவங்கள்லாம் ஷார்ட் டெர்ம். நாம நீண்டகாலப் பிரிவு. நீண்டகாலம் இருக்கறவங்களத்தானே சேர்க்க முடியும்?"

காஸ்பருக்கு இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சட்டென்று பிடிபடவில்லை. இத்தனைக்கும் அவர் ஓட்டை பிடிக்கிற தொழில்காரர். மயிலாப்பூரில் ஒரு மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் ரசாயன லேப் உதவியாளராக இருபத்திரண்டு வருஷம். உப்பைக் கரைக்காமலேயே போன வருஷம் படித்த அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவு எழுதும் பிள்ளைகளைக் காதைப் பிடித்துத் தூக்குவார். "பார்த்ததை எழுது. பார்க்காததை எழுதாதே" என்பது லேப் சுவரில் அவரே சுண்ணாம்பு மேல் பெயிண்டால் எழுதி வைத்த வாசகம்.

அவருக்கு நாற்பத்தி நான்காவது வயதில் தலையில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் புத்தி பேதலித்துச் சொந்த மயிர்க்கால்களையே அடிக்கிற வியாதி என்றார்கள். மனைவி ஜொவிட்டா சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். வெங்காயம் தீர்ந்ததே ஒழிய வட்டம் தீரவில்லை. ஒன்று மூன்றாகி, மூன்று ஒன்றாகச் சேர்ந்து, புருவமும் போனது. ஞாயிறு பூசையில் பீடத்தருகே நின்று வாசகம் வாசிப்பவர் காஸ்பர். அதை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தார். அப்போதுதான் மையத்தில் சேர்ந்தார். மாத்திரை வேலை செய்தது. அதில் பொய்யே இல்லை. எட்டாவது மாதம் சீப்புக்கு வேலை வந்தது, பத்தாவது மாதம் அவர் மறுபடி பீடத்தருகே போய் நின்றார். ஜொவிட்டா அன்று பங்கு முழுக்கக் கேக் கொடுத்தாள்.

மையத்தை நிறுவிய டாக்டர் வேதாந்தம் அவரைத் தோளோடு அணைத்து, "இவர் நம்மாத்து மனுஷர்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவார். காஸ்பருக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நினைத்தால் பிற்பாடு அவருக்கே கூசியது.

இருபத்தெட்டாவது மாதத்தில் இடது விலாவில் எரிய ஆரம்பித்தது. மறுநாள் கொப்புளங்கள் வரிசை கட்டி நின்றன. தெருமுனை டாக்டர் பார்த்ததும் அக்கி என்றார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், பெயரைக் கேட்டதும் "போய் அவங்ககிட்ட உடனே சொல்லுங்க" என்றார். காஸ்பர் சட்டை உரசாமல் ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி மூன்றாம் மாடி ஏறினார்.

படிவம் தயாராக இருந்தது. 'அசௌகரியம் ஏதேனும் உண்டா? ஆம் / இல்லை.' சாய்நாத் எப்போதும் போல 'இல்லை' மேல் பென்சிலால் லேசாக டிக் போட்டு வைத்திருந்தார். "உங்களுக்கு வேலை மிச்சம் சார். மேல பேனாவால இழுத்தாப் போதும்" என்பார்.

"தம்பி, இந்தத் தடவை ஆம் போடணும். அக்கி வந்திருக்கு."

சாய்நாத் முகம் வாடிப்போனது. "ஆம்னு போட்டா பிங்க் பாரம் வேணும் சார். இருபத்திரண்டு பக்கம்."

"குடுங்க, எழுதறேன்."

"இல்ல சார். அது அச்சடிக்கவே இல்ல. இதுவரைக்கும் தேவைப்படலயே. அச்சடிக்கணும்னா கமிட்டி கூடணும். கமிட்டில ஏழு பேர். ரெண்டு பேர் பேரனைப் பார்க்க அமெரிக்கா போயிருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் உங்க பேரு நிலுவைல இருக்கும். நிலுவைல இருந்தா நீங்க தொடர்பவர் இல்ல. தொடர்பவர் இல்லைன்னா..." என்று நாற்காலியைப் பார்த்தார். அப்போது அங்கே இரண்டு நாற்காலிகள்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வேதாந்தம் நான்கு விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். "இதோ இருக்காரே, இவர்தான். நம்மாத்து மனுஷர். என்ன காஸ்பர், எப்படி இருக்கேள்?" என்று இடது பக்கம் தட்டினார்.

கண்ணில் நீர் வந்தது. "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லி, காஸ்பர் பென்சில் மேல் பேனாவை இழுத்தார். கண்ணீரை விருந்தாளிகள் நன்றி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து மூன்றாவது வாரம் மாத்திரையை நிறுத்தினார். யாரையும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டவன் எந்த முகத்தோடு போய் நிறுத்துகிறேன் என்று சொல்வது? மாதாமாதம் மாத்திரை டப்பாவை வாங்கி வந்து, கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருக்கிற அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். முடி மூன்று மாதத்தில் வந்த வழியே போனது. தி. நகரில் ஒரு கடையில் விக் வாங்கினார். வட்டம் விழுந்த காலத்தில் தொப்பி இல்லாமல் வெளியே போக வெட்கப்பட்டவர் இப்போது விக் இல்லாமல் போக வெட்கப்பட்டார்.

ஒன்று மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. மையத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கேச ஆய்வு மையத்தில், கேசத்தின் மேல் பட்டம் வாங்கியவர்கள் நடுவில், ஒருவர் மாதாமாதம் விக் வைத்துக்கொண்டு வந்து போகிறார், ஒருவருக்கும் தெரியவில்லை. முடி முளைக்கிறதா என்று பார்ப்பது இரண்டாம் மாடியின் வேலை. இரண்டாம் மாடி, முடி முளைத்தது என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் பூட்டியாயிற்று. மூன்றாம் மாடி படிவத்தில் தலை என்று ஒரு பத்தி கிடையாது.

கண்டுபிடித்தது வாசலில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் காவலாளி ஹஸன். முதல் நாளே கூப்பிட்டார். "இன்னா சார், லெப்ட்டாண்ட ரவ தூக்கினு கீது. சரி பண்ணிக்கினு மேல போ." அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழனும் காஸ்பர் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது ஹஸன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விக்கைச் சரிசெய்து அனுப்புவார். விக் வைத்த பிறகு அந்த மையத்தில் காஸ்பரின் தலையைப் பரிசோதித்தவர் அவர் ஒருவர்தான்.

ரத்தம் மட்டும் ஒழுங்காக எடுத்தார்கள். அறிக்கை மாதாமாதம் பிரமாதமாக வந்தது. டாக்டர் வேதாந்தம் அதைக் கையில் பிடித்து உருகினார். "பாருங்கோ. இத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடறவர் ரத்தம், சாப்பிடாதவர் ரத்தம் மாதிரியே இருக்கு."

பிறகு அந்த இரண்டாவது நாற்காலியும் கீழே போனது. காஸ்பர் ஒருவரே மிஞ்சினார். அப்போதுதான் மையம் 'அனுபவ உரையாடல்' என்று ஒன்றை ஆரம்பித்தது. புதிதாக மாத்திரை ஆரம்பிக்கப் போகிறவர்கள் பயந்தால், மூன்றாம் மாடிக்கு அனுப்புவார்கள். சாய்நாத் கடிகாரம் வைத்துப் பத்து நிமிஷம் பேசவிடுவார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். காஸ்பரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "ஒண்ணும் ஆகாது."

பதினாறு பேருக்குச் சொன்னார். பதினேழாவதாக வந்தவர் வைதேகி. மேற்கு மாம்பலத்தில் வீணை சொல்லிக்கொடுப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையைச் சுற்றிக் கட்டிய துணியைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டே பேசினார்.

"டாக்டர் சொன்னா நம்பிக்கை வர மாட்டேங்கறது சார். அவா விக்கறவா. நீங்க சாப்பிடறவர். உங்க உடம்புல எதாவது வந்துதா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்கோ. எரிச்சல், கொப்புளம், அந்த மாதிரி?"

எரிச்சல் என்ற வார்த்தையைக் கேட்டதும் காஸ்பருடைய கை தானாக விலாப்பக்கம் போனது. சாய்நாத் கடிகாரத்தைப் பார்த்தார். பீரோ கண்ணாடியில் காஸ்பருக்குத் தன் விக் தெரிந்தது.

"ஒண்ணும் இல்லம்மா."

வைதேகி எழுந்து நின்று கும்பிட்டார். யாராவது கும்பிட்டால் திருப்பிக் கும்பிடுவது காஸ்பர் வழக்கம். அன்று கை எழவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தார்.

"பிள்ளைங்கள ரெக்கார்டு காப்பியடிக்கறாங்கன்னு காதைத் திருகறீங்க" என்றாள் ஜொவிட்டா. "நீங்க ரெண்டு வருஷமா யார் நோட்டைப் பார்த்து எழுதறீங்க? போய்ச் சொல்லிடுங்க. வழுக்கைத் தலையோட நான் உங்கள ஏத்துக்கிட்டேன். அவங்க ஏத்துக்கலைன்னா போகட்டும்."

சொல்லிவிடலாம் என்று முடிவு செய்ய அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது; அதுவரை அனுபவ உரையாடலை உடம்பு சரியில்லை என்று தட்டிக் கழித்தார். முடிவு செய்த அந்த வாரத்தில் ஐந்தாண்டு நிறைவு விழா அறிவிக்கப்பட்டது.

கச்சேரி சீசன் இல்லாததால் மயிலாப்பூரில் ஒரு சபா கிடைத்தது. ஞாயிறு மாலை நான்கு மணி. வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு. மேடையில் காஸ்பரின் நாற்காலியையே கொண்டுவந்து பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் நீண்டகாலப் பாதுகாப்பு அறிக்கை மேஜையில் இருந்தது. அவ்வளவு பக்கமும் காஸ்பர் ஒருவரைப் பற்றியது.

சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற அதிகாரி அறிக்கையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "இதை நான் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தக் கனத்தைப் பார்த்தாலே ஒரு நம்பிக்கை பிறக்கிறது. என் பதவிக்காலத்தில் எத்தனையோ பாதுகாப்புகளுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதையும் படித்ததில்லை. எதுவும் இடிந்ததாக என் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதில்லை."

டாக்டர் வேதாந்தம் பேசினார். "சில பேர் கேக்கறா, ஒருத்தரை மட்டும் வெச்சுண்டு எப்படிச் சொல்றேள்னு. நாப்பத்தொரு பேர் இருந்தப்போ ஆளுக்கொரு புகார் சொன்னா. தெளிவே இல்லை. இப்பத்தான் ஏகமனதா ஒரு முடிவுக்கு வர முடிஞ்சுது." அரங்கம் தட்டியது.

காஸ்பரைப் பேசக் கூப்பிட்டார்கள். சாய்நாத் எழுதிக் கொடுத்த காகிதம் பையில் இருந்தது, பென்சிலில் எழுதியிருந்தார். காஸ்பர் அதை எடுக்கவில்லை. முதல் வரிசையில் ஜொவிட்டா. ஆறாவது வரிசையில் துணி கட்டிய தலையோடு வைதேகி. பீடத்தருகே நின்று ஆயிரம் பேர் முன்னால் வாசித்தவருக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. கடைசியில் பேச்சுக்கு முன்னால் கைதான் வந்தது. விக்கைக் கழற்றி மைக் பக்கத்தில் வைத்தார்.

"இருபத்தெட்டாவது மாசம் எனக்கு அக்கி வந்துச்சு. இல்லைன்னு கையெழுத்துப் போட்டேன். மாத்திரையை நிறுத்தி ரெண்டு வருஷம் ஏழு மாசம் ஆச்சு. முப்பத்தொரு டப்பா பிரிக்காம வீட்ல இருக்கு. நீங்க வெச்சிருக்கற ரத்தம் மாத்திரை சாப்பிடாத ஆளோட ரத்தம். எனக்கு வெட்கமா இருக்கு. மன்னிச்சுக்குங்க."

காஸ்பர் கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

டாக்டர் வேதாந்தம் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். ஒரு நிமிஷம் காஸ்பரின் தலையையே பார்த்தார். அவர் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"சபையோரே" என்றார், குரல் தழுதழுக்க. "மாத்திரையை விட்டாலும் இந்தத் திட்டத்தை விடலை இந்த மனுஷர். அறுபது மாசம், ஒரு வியாழன் தவறலை. இதைவிடத் தொடர்ச்சி உலகத்துல உண்டா? முடி இருக்கா இல்லையாங்கறது இரண்டாம் மாடி சமாச்சாரம். அக்கி வந்துதுன்னார். வந்தது போயிடுத்தோன்னோ? போனா வராததுக்குச் சமானம். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். இதோ நம்ம கண்ணு முன்னாடி நிக்கறாரே, பாதுகாப்பா இருக்காரா, இல்லையா?"

"இருக்கார்" என்றது அரங்கம். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்தினார். நினைவுப் பரிசு ஏற்கெனவே செய்தாகிவிட்டதால் அதையே கொடுத்தார்கள். வெள்ளிச் சீப்பு. சாய்நாத் அருகில் வந்து காதோடு சொன்னார்: "சூப்பர் சார். ஆனா அறிக்கை அச்சாயிடுச்சு. அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்."

பொய் சொன்னபோது வந்த வெட்கத்தைவிட, உண்மைக்குக் கைதட்டு வாங்கிய வெட்கம் காஸ்பரைக் கூனவைத்தது. சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு கற்கண்டுத் தட்டைத் தாண்டி வெளியே வந்தார். பின்னாலேயே வைதேகி வந்தார்.

"சார், அக்கி எப்படி ஆரம்பிச்சுது? மொதல்ல என்ன பண்ணித்து?"

அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை. "மொதல்ல எரிச்சல்தாம்மா. தோல்ல ஒண்ணும் தெரியாது. ஒரு பக்கமா மட்டும் எரியும். அப்புறம் வரிசையா கொப்புளம்."

வைதேகியின் முகம் மாறியது. "நாலு நாளா முதுகுல வலப் பக்கம் எரியறது. இன்னிக்குக் கார்த்தால கொப்புளம் மாதிரி இருந்துது. உங்களுக்கு ஒண்ணும் வரலைன்னு சொன்னேளா, நான் புழுக்கம்னு நெனச்சு வேர்க்குருப் பவுடர் போட்டுண்டேன்."

காஸ்பரைத் தேடி வெளியே வந்த ஜொவிட்டா ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

லஸ் பக்கத்தில் ஒரு கிளினிக். டாக்டரம்மா வைதேகியின் முதுகைப் பார்த்துவிட்டு, மாத்திரை விவரம் கேட்டு, மருந்து எழுதினார். "புழுவெட்டு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அதைக் கொடுத்த டாக்டர்கிட்ட நாளைக்கே பேசுங்க. ஆனா இதுக்கு எரிய ஆரம்பிச்ச அன்னைக்கே வந்திருக்கணும். இந்த வலி சில பேருக்கு மாசக்கணக்குல நிக்கும். இப்படி வரலாம்னு யாருமே உங்ககிட்ட சொல்லலையா?"

வைதேகி திரும்பி காஸ்பரைப் பார்க்கவில்லை. "யாரும் சொல்லலை டாக்டர்" என்றார்.

காஸ்பர் தரையைப் பார்த்தார். காட்டிக் கொடுத்திருந்தால் தாங்கியிருப்பார்.

வாசலில் வைதேகி சொன்னார்: "நான் மாத்திரையை விடப் போறதில்லை சார். நேக்கு முடி வந்துண்டிருக்கு. எங்க பொண்ணு தொட்டுத் தொட்டுப் பாக்கறா. ஆனா எது வரும்னு தெரிஞ்சுண்டு சாப்பிடறேனே. அதுக்குத்தானே அன்னிக்கு உங்ககிட்ட வந்தேன்."

மறுநாள் காலை காஸ்பர் பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வெறும் தலையோடு அடையாறு போனார். மூன்றாம் மாடி ஏறவில்லை. வாசலிலேயே நின்றார்.

"ஹஸன் பாய், என்னைப் பார்க்கன்னு மேல அனுப்புவாங்களே, அவங்க பேரு, போன் நம்பர் உங்க நோட்டுல இருக்குமா?"

"வாசல் தாண்டினவன் எல்லாம் கீறான் சார்" என்றார் ஹஸன். காஸ்பர் தலையை ஒரு தரம் பார்த்தார். "இன்னிக்கு சரியா கீது" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்.

லேப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஒன்று முதல் பதினேழு வரை எண் போட்டு, பதிவேட்டைப் பார்த்துப் பெயரையும் நம்பரையும் எழுதினார். வைதேகி பெயருக்கு எதிரே வலி இன்னும் இருக்கிறது என்று குறித்தார். பிறகு முதல் நம்பரைப் போட்டார். அபிராமபுரத்தில் ஒரு ஸ்ரீலக்ஷ்மி.

"சார், நீங்களா?" என்றது சந்தோஷமான குரல். "நல்லா இருக்கேன் சார். நீங்க சொன்ன தைரியத்துலதான் ஓடிக்கிட்டிருக்கு. சொல்லுங்க சார்."

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ம்மா" என்றார் காஸ்பர். அக்கி வந்ததையும், மறைத்ததையும், எரிச்சல் எப்படி ஆரம்பிக்கும் என்பதையும், எரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"உங்களை நம்பி எங்க அக்காவையும் போன மாசம் சேர்த்துவிட்டேனே சார்."

காஸ்பர் பதினேழுக்குக் கீழே பதினெட்டு என்று எழுதினார்.

"அக்கா நம்பர் சொல்லுங்கம்மா."